மரவள்ளியைக் காத்த குளவி: ஹான்ஸ் ஹெரனும் நம்ம ஊர்க் கிழங்கும்

விவசாய விஞ்ஞானி என்று சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது ஏதாவது ஒரு புது ரகம்தான். ஐ.ஆர். 8 மாதிரி ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண். இல்லையென்றால் ஒரு உரம், ஒரு பூச்சிமருந்து. மொத்தத்தில் விவசாயி கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வரக்கூடிய ஒன்று.

கிழங்குப் பயிர்களுக்காக வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஹான்ஸ் ஹெரன் இந்த வகையில் எதையுமே தரவில்லை. அவர் தந்தது ஒரு குளவி. அளவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை விவசாயி வாங்க வேண்டாம், தெளிக்க வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். அந்தக் குளவிதான் 2022 மார்ச்சில் நம்ம சேலம் மாவட்டத்து வயல்களுக்கு வந்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் நடந்த வேலை தமிழ்நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது, புதுக்கோட்டை மண்ணில் மரவள்ளி வைப்பவர் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கிழங்கு, பல பெயர்

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. திருநெல்வேலிப் பக்கம் ஏழிலைக்கிழங்கு. கன்னியாகுமரியில் மரச்சீனி. நமக்கு மரவள்ளி. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா, வாழை, கடலை என்று இருக்கும் செம்மண் பூமியில் இதுவும் ஒரு பயிர். அவித்துத் தின்னலாம், சிப்ஸ் போடலாம், மாவு எடுக்கலாம். சேலம் பக்கம் 1940களிலிருந்து இது ஆலைப் பயிராகவே மாறிவிட்டது. நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இந்தக் கிழங்கு மாவில் செய்வதுதான்.

நமக்கு இது சாயங்காலப் பலகாரம். ஆப்பிரிக்காவில் கதை வேறு. அங்கே சுமார் இருபது கோடிப் பேருக்கு மரவள்ளிதான் சோறு. கிழங்கை மாவாக்கிக் களி கிண்டிச் சாப்பிடுகிறார்கள். பல நாடுகளில் இலையைக் கீரையாகவும் சமைக்கிறார்கள். மழை பொய்த்தாலும் தாங்கும், மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம் என்பதால், ஏழைக் குடும்பத்துக்கு அது நிலத்துக்குள் இருக்கும் குதிர் மாதிரி.

மரவள்ளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர்தான் பதினாறாம் நூற்றாண்டில் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பயிர் கடல் தாண்டியது. அதைத் தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஊரிலேயே தங்கிவிட்டன. அதனால் ஆப்பிரிக்க மரவள்ளிக்குத் தேமல் நோய் மாதிரி சில தொல்லைகள் இருந்தாலும், பழைய ஊர் எதிரிகள் இல்லாமல் ஏறக்குறைய நானூறு வருடம் ஓடிவிட்டது.

1973: வெள்ளைப் பூச்சி வந்தது

1970களின் தொடக்கத்தில் காங்கோ, ஜயர் பகுதிகளில் மரவள்ளியின் குருத்தில் வெள்ளையாக மாவு அப்பியது போல ஒரு பூச்சி தென்பட்டது. 1977ல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் மத்தீல்-ஃபெரேரோ அதற்குப் பெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயர் வைத்தார். மரவள்ளி மாவுப்பூச்சி.

இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. எல்லாமே பெண். சேர்க்கை இல்லாமலே ஒன்று நானூறு, ஐந்நூறு முட்டை இடும். ஒரே ஒரு பூச்சி புது ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலும் போதும், ஒரு பெரிய கூட்டம் உருவாகிவிடும். மரவள்ளி விதையில் வருவதில்லை. தண்டை வெட்டி நடுகிறோம். அந்த விதைக்குச்சியோடு பூச்சியும் ஊர் ஊராகப் பயணம் செய்தது. காற்றும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனது. சாறு உறிஞ்சும்போது அது செடிக்குள் செலுத்தும் எச்சிலால் நுனி வளர்ச்சி நின்று, கணுக்கள் நெருங்கி, இலைகள் முட்டைக்கோஸ் மாதிரி ஒன்றோடொன்று சுருண்டுகொள்ளும். மோசமாகத் தாக்கிய வயலில் கிழங்கு விளைச்சல் 80 சதவீதம் வரை குறைந்தது. நடுவதற்கு நல்ல குச்சியும் கிடைக்காமல் போனது. சோறே அதுதான் என்ற ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்து அடிக்கலாமே என்று தோன்றும். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. மருந்து எளிதில் உள்ளே இறங்காது. சுருண்ட இலைக்குள் வேறு ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, அரை ஏக்கரில் தன் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிழங்கு வைக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணிடம் தெளிப்பானும் இல்லை, மருந்துக்குக் காசும் இல்லை. எதிர்ப்பு ரகம் உருவாக்கலாம்; அதற்குப் பல வருடம் ஆகும். பசி அதுவரை காத்திருக்காது.

ஹெரன் வருகிறார்

ஹான்ஸ் ஹெரன் 1947ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அப்பா ஒரு பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். வருடத்துக்கு வருடம் பண்ணையில் ரசாயன மருந்துகள் கூடிக்கொண்டே போனதைச் சின்ன வயதிலேயே பார்த்தார். சூரிச்சில் பூச்சியியல் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் ராபர்ட் வான் டென் பாஷ் என்பவரோடு வேலை. பூச்சிமருந்துக் கம்பெனிகளின் செல்வாக்கைக் கடுமையாக விமர்சித்தவர் அவர். பூச்சியைப் பூச்சியால் அடக்குவது எப்படி என்பதில் ஹெரனுக்கு முறையான பயிற்சி கிடைத்தது இப்படித்தான்.

1979ல் நைஜீரியாவின் இபாதான் நகரில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 31, 32 வயது. அவருடைய கேள்வி எளிமையானது: இந்தப் பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால், அங்கே ஏன் இது ஒரு பிரச்சினையாக இல்லை? அங்கே இதைத் தின்னும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் போதும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் தென் அமெரிக்காவிலும் இந்தப் பூச்சியை அதற்கு முன் யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. எதிரிகள் அடக்கிவைத்திருக்கும் பூச்சி கண்ணிலேயே படாது, இல்லையா? கலிபோர்னியாவில் தொடங்கி மத்திய அமெரிக்கா வழியாகத் தேடிக்கொண்டு போனார். தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, பார்க்க அதே மாதிரி. அதன் எதிரிகளைப் பிடித்துவந்து சோதித்தார்கள். வேலை செய்யவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பூச்சியில் ஆண்களும் இருந்தன. அது வேறு இனம். அந்த இனத்துக்கு ஹெரன் பெயரையே சூட்டி ஹெரெனி என்று வைத்தார்கள்.

சரியான பூச்சி 1981ல் பராகுவேயில் கிடைத்தது. கண்டவர் ஆன்டனி பெலோட்டி. கொலம்பியாவில் உள்ள இன்னொரு பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். அங்கே அந்தப் பூச்சியைத் தாக்கிக்கொண்டிருந்த உயிரினங்களில் ஒன்றுதான் அனகைரஸ் லோபேசி என்ற குளவி. அதை நேராக ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. இங்கிலாந்தில் அடைத்துவைத்துச் சோதித்தார்கள். வேறு எதையாவது தாக்குமா, அதனோடு வேறு நோயோ ஒட்டுண்ணியோ வருமா என்று பார்த்த பிறகே நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். 1981 முடிவதற்குள் முதல் குளவிகள் வயலில் பறந்தன.

குளவி என்ன செய்கிறது?

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். மனிதர்களை இது எதுவும் செய்யாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். புழு பொரித்து, பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி செத்து, பழுப்பு நிறத்தில் கெட்டியான கூடாக மாறும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

இந்தக் குளவியின் பெரிய திறமை தேடுவது. வயலில் மாவுப்பூச்சி ரொம்பக் குறைவாக இருக்கும்போதும் வாசனை பிடித்துப் போய்க் கண்டுபிடிக்கும். அதனால் பூச்சி மறுபடி பெருகும் முன்பே அடக்கிவிட முடிகிறது. முற்றிலும் ஒழிப்பது இதன் வேலை இல்லை. பூச்சி ஒழிந்தால் குளவிக்கும் சாப்பாடு இல்லை. இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் சேர்ந்தே வாழும். நட்டம் வராத அளவில் நிற்கும்.

ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பரப்பு இந்தியாவைவிடப் பெரிய நிலப்பரப்பில் சிதறிக் கிடக்கிறது. பாதை இல்லாத ஊர்கள் ஏராளம். அதனால் விமானத்திலிருந்து குளவிகளைத் தூவும் ஏற்பாட்டையும் ஹெரன் குழு செய்தது. தரையிலும் வானிலுமாக, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் சுமார் 30 நாடுகளுக்குக் குளவி பரவியது. பூச்சி அடங்கியது.

1988ல் பெர்க்லியின் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் நார்கார்ட் இதன் வரவு செலவைக் கணக்குப் போட்டார். செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்று வந்தது. 1995ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 1987ல் நம் எம்.எஸ். சுவாமிநாதன் முதன்முதலாகப் பெற்ற அதே பரிசு. இரண்டு கோடி உயிர்களைக் காப்பாற்றியவர் என்று ஹெரனைச் சொல்வார்கள். உயிர்க் கணக்கெல்லாம் மதிப்பீடுதான். ஆனால் ஒரு பெரும் பஞ்சம் தடுக்கப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

எல்லா வயலிலும் ஒரே மாதிரி வேலை செய்ததா?

இல்லை. நமக்கு மிக உபயோகமான பகுதி இதுதான்.

ஹெரனின் சக ஆய்வாளர் பீட்டர் நியூயன்ஷ்வாண்டரும் அவர் குழுவும் வயல் வயலாகப் பார்த்தபோது சில இடங்களில் மட்டும் பூச்சி அடங்காமல் நின்றது. எல்லாம் சத்தில்லாத மணல் பூமி, மூடாக்கு இல்லாத வயல். காரணம் சுவையானது. இந்தக் குளவி பெரிய மாவுப்பூச்சியில் பெண் முட்டையும் சிறிய பூச்சியில் ஆண் முட்டையும் வைக்கும். மெலிந்த மண்ணில் செடி மெலியும். மெலிந்த செடியில் பூச்சியும் சின்னதாக இருக்கும். சின்னப் பூச்சியிலிருந்து ஆண் குளவிகளே அதிகம் வரும். முட்டை வைக்கப் பெண் குளவி இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை எங்கே? மூடாக்குப் போட்டு, மண்ணுக்குச் சத்துக் கொடுத்த வயலில் செடியும் தேறியது, குளவியின் வேலையும் தேறியது.

நம்ம மாவட்டத்தில் செம்மண்ணும் செம்புறை மண்ணும் மணல் கலந்த பூமியும்தான் நிறைய. ஈரம் நிற்காது, மக்கு குறைவு. ஆக, தொழுவுரமும் கடலைக் கொடி, சருகு போன்ற மூடாக்கும் கிழங்கு பருக்க மட்டும் அல்ல. குளவி பெருகவும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டுப் பூச்சியை விடுவது ஆபத்து இல்லையா?

நியாயமான கேள்வி. 1935ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டை ஒழிக்க ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டைத் தவிர மற்றதையெல்லாம் தின்று இன்றுவரை தொல்லையாக நிற்கிறது. தேரை கிடைத்ததைத் தின்னும் பிராணி. லோபேசிக் குளவிக்கு மரவள்ளி மாவுப்பூச்சி இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. வித்தியாசம் அங்கேதான். ஒரே இரையை நம்பி வாழும் உயிரைத் தேர்ந்தெடுப்பதும், அடைத்துவைத்துச் சோதித்துப் பார்ப்பதும் அதனால்தான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் காடு கரையெல்லாம் மூடிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை, 1926ல் இலங்கை வழியாக வந்த ஒரு சின்னப் பூச்சிதான் கட்டுப்படுத்தியது. அது மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்பது கூடுதல் தகவல்.

தமிழ்நாட்டில் இரண்டு முறை

முதல் முறை 2008ல். கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. இது வேறு இனம், பூர்வீகம் மெக்சிகோ. அதை அடையாளம் கண்டதில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் ஆர். முனியப்பனுக்குப் பெரிய பங்கு உண்டு. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு மண்டலமே திணறியது. மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்து, அக்டோபரில் வயல்களில் விட்டார்கள். சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. ஹெரன் காட்டிய அதே வழிதான்.

இரண்டாவது முறை ஹெரனின் பழைய எதிரியே வந்துவிட்டது. 2008ல் தாய்லாந்தில் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020ல் கேரளாவின் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் நாமக்கல், சேலம், தருமபுரி வயல்களிலும் குருத்துகள் சுருண்டன. ஆலைக்குக் கிழங்கு கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் பலத்த அடி.

இந்த முறை நாற்பது வருடம் முன்னால் போல ஒரு கண்டத்தைச் சுற்றித் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. குளவி ஏற்கெனவே கையில் இருந்தது. ஹெரன் உருவாக்கிய உயிரியல் கட்டுப்பாட்டு மையம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இன்னும் குளவிகளை வளர்த்துவந்தது. 2009ல் தாய்லாந்துக்குக் கொடுத்த அதே மையத்திலிருந்து 2021ல் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச் 7ல் ஆத்தூர் பக்கத்து ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் விடுவிப்பு நடந்தது.

பராகுவேயில் பிடித்து, இங்கிலாந்தில் சோதித்து, நைஜீரியாவில் பெருக்கி, பெனினில் காப்பாற்றி, பெங்களூரு வழியாக ஏத்தாப்பூர்.

வயலில் என்ன பார்க்க வேண்டும்?

குருத்தைப் பாருங்கள். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, கோணலாக இருந்தால் அது தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், குளவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நுனி குட்டையாகி இலைகள் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு, உள்ளே வெள்ளை மாவு அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. மாவை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தால் மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாகவும், பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாகவும் தெரியும்.

அடுத்து, பழுப்பான கெட்டிக் கூடுகள், அதில் வட்ட ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கண்டபடி மருந்து அடித்தால் மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பும், குளவிதான் முதலில் சாகும். பிறகு பூச்சி இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

விதைக்குச்சியைத் தெரிந்த, சுத்தமான வயலிலிருந்து மட்டும் எடுங்கள். பூச்சி அப்பிய நுனிகளை ஒடித்து அழித்துவிடுங்கள். வரப்பிலும் வாய்க்காலிலும் போட வேண்டாம். செடியில் எறும்பு அதிகம் ஏறினால் கவனியுங்கள், தித்திப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியை அது பாதுகாக்கும். கோடையில் பூச்சி ஏறும், நல்ல மழை பெய்தால் குறையும். மூன்று நாள் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு சுருண்ட நுனியைப் பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பக்கத்து வேளாண், தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டலாம். எந்தப் பூச்சி என்று உறுதியாகத் தெரிவதற்கு முன் மருந்துக்கடைக்குப் போவதுதான் வழக்கமாக நட்டத்தில் முடிகிறது.

யார் காசு போடுவது?

ஹெரன் 1994ல் நைரோபியில் உள்ள பன்னாட்டுப் பூச்சியியல் மையத்தின் தலைவராகி 2005 வரை இருந்தார். 1998ல் பயோவிஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். 2013ல் ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தது. இந்தக் காலம் முழுக்க அவர் வலியுறுத்தியது ஒன்றைத்தான்: பூச்சி வந்த பிறகு என்ன அடிக்கலாம் என்று கேட்பதைவிட, ஏன் வந்தது என்று கேட்பது மேல்.

ஒரு டாலருக்கு 149 டாலர் தரும் முதலீடு என்றால் கம்பெனிகள் வரிசையில் நிற்க வேண்டாமா? நிற்காது. அந்த 149 டாலரும் விவசாயியின் வீட்டுக்குப் போகிறது. ஒரு முறை விட்டால் குளவி தானே பெருகும், பக்கத்து வயலுக்கும் இலவசமாகப் பறக்கும். வருடா வருடம் விற்க முடியாத சரக்கு. விளம்பரம் கிடையாது, டீலர் கிடையாது, கமிஷன் கிடையாது. அதனால்தான் மருந்து வீட்டு வாசலுக்கு வரும் அளவுக்குக் குளவி பற்றிய செய்தி வருவதில்லை.

இப்படிப்பட்ட வேலை பொதுப் பணத்தில்தான் நடக்கும். பெனினில் அந்தக் குளவிகளைப் பார்த்துக்கொண்டதும், பெங்களூரில் சோதித்ததும், ஏத்தாப்பூரில் விட்டதும் எல்லாமே பொது நிறுவனங்கள். எங்கேயாவது நடுவில் யாரோ ஒருவர், இந்தப் பூச்சி இப்போது பிரச்சினை இல்லையே, குளவி வளர்க்க எதற்கு வீண் செலவு என்று நிதியை வெட்டியிருந்தால், 2021ல் கேட்டபோது கொடுக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்த பூச்சியும் ஏதோ ஒரு விதைக்குச்சியில் ஒட்டிக்கொண்டு வரத்தான் போகிறது. அதைப் பெயர் சொல்லி அடையாளம் காண ஒரு பூச்சியியலாளரும், அதன் எதிரியை அடைத்துவைத்துச் சோதிக்க ஒரு ஆய்வகமும், அதுவரை மருந்தைத் தூக்காமல் பொறுத்திருக்கும் விவசாயியும் நம்மிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் குளவி வந்து பயன் இல்லை.